வரத்து குறைவு

இலந்தைக்குளம், ஐ.டி. பூங்கா, இரண்டாம் மாடி.
ஏசி நின்று ஒரு மணி நேரம்.
கண்மாயில் தண்ணீர் கிடக்கவேண்டிய இடத்தில்
நான்கு எருமை.

த்ரெட் என்பதை இழை என்று எழுதிப் பார்ப்பேன்.
ஆவணம் ஆங்கிலத்தில்தான் போகும்.
ஆனாலும் முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான்
எனக்கே புரிந்ததா என்று தெரியும்.
தஸ்லீமா சிரிப்பாள்:
"இழையா? விளக்குத்தூண் பக்கம்
ஜவுளிக்கடையா வச்சிருக்கோம்?"

செய்தி அனுப்பும் லைப்ரரியில் பாதி அவள் எழுதியது.
போன வருஷம் அவளிடம் கேட்டேன்:
ஒரே செஷனை ஒரே நேரத்தில்
இரண்டு இழைகள் தொடலாமா?

"பெரும்பாலும் தொடலாம்."
பெரும்பாலும்னா?
"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலைல."
வடையைப் பிய்த்துப் பாதியைத் தந்தாள்.
"இதையெல்லாம் யாரு வாசிக்கப் போறா, விடு."

விட்டேன்.
அந்தப் பத்தியை அழித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

தை மாதம் நடந்தது.
எங்கள் லைப்ரரியை வாங்கிய ஒருவர்
லேப் முடிவுகளையும் பூ விலையையும்
ஒரே செஷனில் அனுப்பிக்கொண்டிருந்தார்.
இரவெல்லாம் வரிசையில் கிடந்தவையும்
அதிகாலை விலையும் சேர்ந்து கிளம்பின.
ஓர் இழை நம்பரை எழுதி முடிக்குமுன்
இன்னொன்று உள்ளே வந்து வாசகத்தை மாற்றியது.
கொட்டாவிக்கு வாய் திறக்கும் நேரம்கூட இல்லை.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில்
சோணைமுத்துவுக்கு வந்தது:
'கட்டி சாதாரணமானது. பயப்பட வேண்டாம்.'
பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டிச் சிரித்தாராம்.
அழிக்கவில்லையாம்.

மேலூருக்கு இந்தப் பக்கம், தெற்குத்தெருவில்
சோலையம்மாளுக்கு:
'மல்லி 3200. வரத்து குறைவு.'

மல்லி என்பது நர்ஸ் பெயர் என்று நினைத்தார்.
மூவாயிரத்து இருநூறு, கட்டவேண்டிய பணம்.
வரத்து குறைவு என்பதை மட்டும்
பல தடவை வாசித்தார்.
எதன் வரத்து? ரத்தமா, நாளா?
மருமகளை எழுப்பவில்லை.
நகைப்பெட்டிக்கு அடியிலிருந்த வீட்டுப் பத்திரத்தை
எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.
முதல் பஸ்ஸில் வந்து
சேலை முந்தியில் பணத்தை முடிந்துகொண்டு
லேப் வாசலில் எட்டு மணிவரை நின்றார்.

பணம் வேண்டாம்மா என்றார்களாம்.
அப்போதுதான் பயந்தாராம்,
இனிமேல் பணத்தால் ஆகாது போலிருக்கு என்று.

இதெல்லாம் எங்களுக்குப் புகாராக வந்தது.
நம்பர் 4471, தீவிரம்: நடுத்தரம்.
கடைசி வரியில் யாரோ கேட்டிருந்தார்கள்:
செஷனைப் பகிரக் கூடாது என்று
ஆவணத்தில் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை.

இன்று எழுதுகிறேன்.

இணைப்பைப் பகிரலாம்.
செஷனைப் பகிரக் கூடாது. ஓர் இழைக்கு ஒன்று.
செய்தி வந்ததும் உங்கள் கதவைத் தட்டுவது
நீங்கள் அனுப்பாத இழை.
அதற்குள் நின்றுகொண்டு செஷனை மூடாதீர்கள்:
நீங்கள் முடிக்கட்டும் என்று அது நிற்கும்,
அது மூடட்டும் என்று நீங்கள் நிற்பீர்கள்,
யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

தஸ்லீமா தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள்.
"கூடாதுங்கிறது கொஞ்சம் கடுமையா இல்ல?
தவிர்ப்பது நல்லதுன்னு போடலாமே."
நான் திரும்பவில்லை.
அவளும் அதற்குமேல் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம்.
வரிசையைப் பாதியில் காலி செய்கிற அந்த ஃபங்ஷன்.
அது எப்படி?

"பெரும்" என்றவள் நிறுத்திக்கொண்டாள்.
மானிட்டரில் அவள் முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.
"தெரியாது."

அப்ப அதையே போடுறேன்.

'இதைப் பல இழைகளிலிருந்து அழைத்தால்
என்ன ஆகும் என்று நாங்கள் சோதிக்கவில்லை.'

இன்னொரு தடவை வாசித்தாள்.
குனிந்து, என் மௌஸிலேயே
ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள்.
ஏசி இன்னும் வரவில்லை.
சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது.